சுமைதாங்கியடிக் காசுகள்

பாறசாலைக்குக் கிழக்கே, களியக்காவிளைச் சந்தையின் இரைச்சல் காற்றுவாக்கில் வந்து காதில் விழும் தூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், வயது முதிர்ந்த ஒரு தாயாரிடம் போய் நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டுப் பாருங்கள். "சக்கரம் இல்லியே மக்ளே" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொள்வார். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1949இல் கொச்சியோடு சேர்ந்து, அதன் நாணயமும் செல்லாததாகி, ஒரு மனித ஆயுள் கழிந்துவிட்டது; இருந்தும் பணத்துக்குச் சக்கரம் என்ற பெயர் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் வாய்களில் செலாவணியாகிக்கொண்டே இருக்கிறது. 1956ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டதனால், எங்களுடைய பஸ் ஒரு மொழியில் புறப்பட்டு இன்னொரு மொழியில் போய்ச் சேருகிறது. அந்தக் கோட்டை யார் எங்கே இழுத்தார்கள், எப்படி இழுத்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. மண்ணுக்குள் கிடந்த ஆறு காசுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவை அந்தக் கோட்டுக்கு முந்தியவை.

முதலில் திருவிதாங்கூர் நாணயக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு காசு ஒரு சக்கரம்; நான்கு சக்கரம் ஒரு பணம்; ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம் வரும். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும்! அந்த எட்டுக் காசு வித்தியாசத்தில்தான் எங்கள் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரிகளில் பலர் ஓட்டை வீட்டை ஓட்டு வீடாக்கினார்கள் என்று என் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. வெள்ளிச் சக்கரம் என்பது அரைக் கிராம்கூட எடை இல்லாத, மிளகை நசுக்கி வைத்தாற் போன்ற ஒரு பொடி நாணயம். விரலால் எண்ணத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சக்கரப் பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். கையகல மரப்பலகையில் சக்கரத்தின் அளவுக்கே வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டியிருக்கும். ஒரு பிடி நாணயத்தை அதன்மேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழுந்து நிரம்பும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால், குழிகளின் தொகைதான் சக்கரத்தின் தொகை. என்னுடைய பாட்டாவின் தகப்பனார் களியக்காவிளையில் கருப்பட்டி எடைபோட்ட காலத்துப் பலகை ஒன்று, விளிம்பெல்லாம் கறையான் தின்று, இன்றும் எங்கள் வீட்டு மச்சில் கிடக்கிறது. நாணயங்கள்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

சென்ற சித்திரையில் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன் விடுமுறைக்கு வந்தபோது, பெட்டியிலிருந்து நீண்ட கம்பும் நுனியில் வட்டத் தட்டும் உள்ள ஒரு கருவியை எடுத்துப் பொருத்தினான். மெட்டல் டிடெக்டர். கல்யாண மண்டப வாசலிலும் விமான நிலையத்திலும் நம்முடைய இடுப்பைத் தடவுகிற அதே ஜாதிதான். ஆனால் இது மண்ணைத் தடவுவது. அந்தத் தேசத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிகளில் அலைவது பலருக்கு விரதம் போன்ற வழக்கமாம். 2010ஆம் ஆண்டு சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரோம் என்ற ஊரருகே, மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவர் இப்படித் தேடியபோது, ஒரு பானைக்குள் 52,503 ரோமானிய நாணயங்கள் அகப்பட்டன. அகப்பட்டது அதிசயமல்ல, பானையின் வாய் தெரிந்தவுடனே அவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாருக்குச் சொல்லி அனுப்பினாரே, அதுதான் என்னை வியக்கவைத்தது. அவர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்ததனால், கடைசியாக அச்சான காசுகளிற் பெரும்பாலானவை பானையின் பாதிக்குக் கீழே கிடந்தன என்பது தெரியவந்தது; சிறுகச் சிறுகப் போட்டு நிரப்பிய உண்டியலாக இருந்தால் அவை மேலே அல்லவா இருந்திருக்க வேண்டும்! அவசரப்பட்டுக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் இந்தச் சேதி கொட்டியதோடு போயிருக்கும்.

நம் தேசத்தில் விஷயம் வேறு. புதையலைக் குறித்து 1878ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்துக்கு 1968இல் தனியாகப் புதையல் சட்டம் வந்தது. நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருள் என்பது 1972ஆம் ஆண்டின் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஆகவே மருமகனிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: கோயில் பக்கம், குளத்தங்கரை, ஊரான் விளை எதிலும் இந்தக் கம்பு நுழையக் கூடாது; நம்முடைய சொந்தப் புரையிடத்தில் மட்டும், ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும்; பானை கீனை தென்பட்டால் மண்ணை மூடிவிட்டு முதலில் கிராம அலுவலகம். இதை வாசிக்கும் இளைஞர்கள் இணையத்தில் இந்தக் கருவிக்கு விலை விசாரிப்பதற்கு முன்னால் இந்தப் பத்தியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பானை என்று நான் சொன்னது வெறும் கற்பனையல்ல. எங்கள் திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே கிளிமானூருக்கு அருகில் 2019 டிசம்பரில் ஒருவர் பயிரிடுவதற்காக நிலத்தைக் கிளறியபோது, இருபது கிலோவை ஒட்டிய எடையில், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட திருவிதாங்கூர்க் காசுகள் ஒரு பானைக்குள் இருந்தன. அந்த மனிதர் அதற்கு முந்திய வருஷம்தான் லாட்டரியில் ஆறு கோடி வென்றவர் என்றால், அதிர்ஷ்ட தேவதைக்கும் பழகிய வீட்டு வழிதான் பிடிக்கும்போலும்! அவர் அதை முறைப்படி ஒப்படைத்தார். 2024 ஜூலையில் கண்ணூர் ஜில்லா செங்களாயியில், ரப்பர்த் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய வேலையுறுதித் திட்டப் பெண்கள் ஒரு பாத்திரத்தைக் கண்டு முதலில் வெடிகுண்டு என்று அஞ்சினார்கள். பிறகு பார்த்தால் பொற்பதக்கங்களும் முத்துமணிகளும் வெள்ளி நாணயங்களும். கண்ணூரில் மண்ணுக்குள் உருண்டையாக எது தென்பட்டாலும் முதலில் வெடிகுண்டு நினைவு வருவது அந்த நாட்டு அரசியலின் விசேஷம். அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு அப்படியொன்றும் கிடைக்கவில்லை. முதல் இரண்டு நாள் சோடா மூடிகளும், ரப்பர் மரத்தில் சிரட்டை கட்டிய கம்பிகளும், ஒரு பாளை அரிவாளின் துருப்பிடித்த நுனியும், என் தாயார் 'காக்கை கொண்டுபோயிற்று' என்று நாற்பது வருஷம் பழி சொன்ன பித்தளைக் கரண்டியும் வந்தன. (காக்கையிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.) பார்த்திவசேகரபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் தொண்ணூற்றைந்து பேருக்குச் சாலை ஏற்படுத்திச் செப்பேடு வெட்டிக் கொடுத்த பூமி அது. அப்பேர்ப்பட்ட மண்ணின் விளிம்பில் சோடா மூடி பொறுக்குகிறோமே என்று நான் அலுத்துக்கொண்ட வேளையில், மருமகன், "மாமா, இங்க சத்தம் வேற மாதிரி கேக்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான்.

அவன் நின்ற இடம் எங்கள் விளையின் வடக்கு மூலை. பழைய நடைபாதை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நின்ற இடம். கர்ப்பத்தோடு மாண்டுபோன பெண்ணின் நினைவாக நிறுத்தியது என்று சொல்வார்கள். கருப்பட்டிச் சிப்பமும் கருவாட்டுக் கூடையும் தலையில் ஏற்றிப் பொழியூர்க் கடற்கரையிலிருந்தும் அமரவிளைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், சுமையை அந்தக் குறுக்குக் கல்லில் சாய்த்துவிட்டு, மடியை அவிழ்த்து முகம் துடைத்து, வெற்றிலை போட்டு, திரும்பவும் முண்டை இறுக்கிக்கொள்வார்கள். அந்த அவிழ்ப்புக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் நழுவி விழுந்தவைதாம் இந்த ஆறும்: இரண்டு ஒற்றைக்காசு, இரண்டு எட்டுக்காசு, ஒரு செம்புச் சக்கரம், ஆறாவது, மருமகன் முதலில் சட்டைப் பித்தான் என்று எறியப்போன ஒரு பச்சைத் துணுக்கு. ஒளித்து வைத்த திரவியம் இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அன்றைக்குச் சாயங்காலம் மடியைத் தடவிப் பார்த்துத் திகைத்த திகைப்பு.

எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் கிடந்தது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொண்டோம், எடை போட்டோம், இரு பக்கமும் படம் எடுத்தோம், விவரம் எழுதிக் கிராம அலுவலகத்தில் ஒரு கடிதமும் கொடுத்தேன். பிறகுதான் இந்தப் பதிவின் உண்மையான விஷயம் ஆரம்பமாயிற்று: இவற்றைச் சுத்தம் செய்வது எப்படி? செய்யலாமா?

நம் சைவ சித்தாந்திகள் ஆன்மாவுக்கும் ஆணவ மலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்குவதற்கு, நெல்லுக்கு உமியையும் செம்புக்குக் களிம்பையும் உவமை சொன்னார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல, செம்போடு அநாதியாகவே உடன் இருப்பது. ரசகுளிகை பட்டால் ஒழிய நீங்காது என்பது அவர்கள் கருத்து. இந்த உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு, களிம்பைக் கண்டவுடன் அதைப் போக்கிவிட வேண்டும் என்ற வேகம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் புளியும் செங்கற்பொடியும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற ஜனங்கள் நாம்.

அந்த வேகத்துக்கு நானே ஒரு காசைப் பலி கொடுத்தவன். பத்து வயதில், மாட்டுத்தொழுவத்தில் கிடைத்த ஒரு செம்புக் காசைப் புளியில் ஊறவைத்து, சாம்பலும் செங்கற்பொடியும் வைத்து ஒரு மத்தியானம் முழுவதும் தேய்த்தேன். அது ரோஜாச் சிவப்பாகப் பளபளத்தது; சங்கு இருந்த இடத்தில் ஒரு மழுமழுப்பு. அதைப் பெருமையோடு பாட்டாவிடம் காட்டியபோது, அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாந் தேச்சாச்சு, இனி இது காசில்ல மக்ளே, வாசர்" என்றார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது, அந்தக் களிம்பாகவே மாறிப்போயிருந்த எழுத்தையும் உருவத்தையும் சேர்த்துக் கரைக்கிறது என்ற ரசாயனம் எனக்கு அப்போது தெரியாது. பழங்காசின் மேல்தோல் பெரும்பாலும் உலோகமாக இருப்பதில்லை. உலோகத்தின் இடத்தை அணு அணுவாக எடுத்துக்கொண்ட உப்புக்களாக இருக்கிறது. அடியில் சிவந்த குப்ரைட். அதன்மேல் பசுமையான மாலகைட். சங்கின் வளைவு அந்தப் பசுமையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பசுமையைக் கழுவினால் சங்கும் போகும்.

அப்படியானால் எல்லாக் களிம்பையும் அப்படியே விட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் சித்தாந்திகளோடு எனக்கு ஒரு சின்ன விவாதம். களிம்பு ஒன்றல்ல, இரண்டு. இறுகி, வழவழப்பாக, பாசிப்பச்சையாக அல்லது பழுப்பாக இருப்பது காக்கும் களிம்பு. அது தனக்குக் கீழே உள்ள செம்பைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் மறைத்துக் கொள்கிறது. வெளிறிய பச்சையில், நகம் பட்டால் மாவாக உதிர்வது தின்னும் களிம்பு. மண்ணில் உள்ள குளோரைடு செம்போடு கூடி உள்ளே ஒளிந்திருந்து, காற்றும் ஈரமும் பட்டவுடன் அமிலமாகி, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று, மறுபடியும் குளோரைடாகி, மறுபடியும் அமிலமாகி, ஓயாமல் சுழல்வது. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர்; நோய் என்றது பொருத்தம்தான், ஏனென்றால் நூறு வருஷம் மண்ணுக்குள் சும்மா இருந்த காசு, வெளியே எடுத்த ஒரே மழைக்காலத்தில் பொடியாகிவிடக் கூடும்.

எங்கள் ஆறு காசுகளில் ஐந்து ஆரோக்கியமாக இருந்தன. தென்னை மூட்டுக்கு அருகில் கிடந்த ஒரு எட்டுக்காசு மட்டும், இடவப்பாதி மழை பிடித்த இரண்டாம் வாரத்தில், விளிம்பில் வெளிர்பச்சைப் பொட்டுக்களாகப் பூத்தது. அதற்கு மட்டும் ஏன் வந்தது என்று யோசித்தபோது காரணம் என் காலடியிலேயே இருந்தது. தென்னம்பிள்ளை வைக்கும் குழியில் கறியுப்பு இடுவது எங்கள் வழக்கம். வளர்ந்த தென்னைக்கு வருஷந்தோறும் இடுகிற பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடுதான். தேங்காய்க்கு நாங்கள் ஊட்டிய உப்பு, மகாராஜாவின் காசைத் தின்றுகொண்டிருந்தது!

இனி நான் செய்த முறையைச் சொல்கிறேன். மெதுவான வேலை, வேகம் வேண்டுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். மண்ணை உலரவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டேன். பிறகு கிணற்றுத் தண்ணீர் அல்லாமல், வாகன பாட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த நீரை வாங்கி, காசுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமாக ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றினேன். செம்மண் தானாகவே இளகிச் சிவப்பாக அடியில் படியும். இளகாத இடங்களுக்கு நாரத்தை முள்: ஊசியோ கத்தியோ காசைக் கீறும், முள் செம்பைவிட மென்மையானது, கீறாமல் மண்ணை மட்டும் நெம்பும். மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் இதே வேலைக்கு ரோஜா முள்ளைப் பயன்படுத்துவதாக வாசித்தபோது, எங்கள் நாரத்தையின் மேல் எனக்கு மதிப்பு கூடிற்று. ஒரு ஒற்றைக்காசின் சங்கு முழுதாக வெளிப்பட, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு நான் எட்டுச் சாயங்காலங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

எண்ணெயில் ஊறப்போடு என்று சொன்னவர்கள் அநேகர். ஒலிவ எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பழைய வழக்கம். நம்மவர்கள் அதைத் தேங்காயெண்ணெய் என்று பெயர்த்துக்கொண்டார்கள். பூஜையறைக் குத்துவிளக்கின் அகலில் நாட்பட்ட எண்ணெய் பச்சையாகத் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அது என்ன? எண்ணெய் காறி, அமிலமாகி, செம்பைக் கரைத்த பச்சை. விளக்கைத் தின்கிற எண்ணெய் காசை மட்டும் விட்டுவிடுமா? உப்புத் தண்ணீரில் காசைப் போட்டுச் சார்ஜர் ஒயரை மாட்டி மின்சாரம் பாய்ச்சுகிற வித்தையும் இணையத்தில் நிரம்ப இருக்கிறது. நோய் தீர உப்பை நீக்க வேண்டியிருக்க, உப்பிலேயே முக்குவது என்ன வைத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை.

மின்சாரம் என்றதும் நம்முடைய ஒரு பெரியவரைச் சொல்லாமல் போகக் கூடாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் ரசாயன நிபுணராக இருந்த எஸ். பரமசிவன், வெண்கல நோயால் உதிர்ந்துகொண்டிருந்த நம் செப்புத் திருமேனிகளை, நீர்த்த காஸ்டிக் சோடாவில் எதிர்முனையாக நிறுத்தி மின்சாரம் பாய்ச்சி, குளோரைடை வெளியே இழுத்துக் காப்பாற்றினார். இது தாராளமாக உப்பைக் கொட்டிச் செய்கிற கொல்லைப்புற வித்தை அல்ல. அளந்து, பார்த்து, நாட்கணக்கில் காத்திருந்து செய்த சிகிச்சை. பிற்காலத்தார், இந்த முறை களிம்பை முழுவதும் உரித்துவிடுகிறது என்று இன்னும் மென்மையான வழிகளைத் தேடிப் போனார்கள் என்பதும் உண்மை. ஆயினும் சாகக் கிடந்தவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியரை, தழும்பு விழுந்ததற்காகக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோய் பிடித்த எட்டுக்காசுக்கு நான் கைக்கொண்டது சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த ஐந்து சதவீதக் கரைசல். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். குளோரைடு வெளியேறுகிறதா என்று அறிய, கல்லூரியில் ரசாயனம் கற்பிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வழி சொன்னாள்: எடுத்த கரைசலில் கொஞ்சத்தை நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டை விட்டால், குளோரைடு இருக்கும்வரை பால்போல வெளுக்கும். "சார், வெள்ளை வர்றது நிக்கணும், அதுவரைக்கும் அவசரப்படாதீங்க" என்றாள். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் நான் சொன்னதை அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியில்தான் அந்தப் பால் தெளிந்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கழுவி, உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தேன். சுற்றிலும் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே நின்றால் இந்த நோய் தலையெடுக்காது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் உப்பு ஜாடியே அழுகிற இடத்தில், அந்த டப்பாவுக்குள் மட்டும் ஒரு பாலைவனத்தை வளர்த்துவருகிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு, செல்லாக்காசு தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில், மதுரைப் பக்கத்தில் கிடைத்த ஒரு சதுரச் செப்புக் காசில், குதிரை உருவத்துக்கு மேலே 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமி எழுத்து இருப்பதைக் கண்டறிந்தார். சங்கப் பாண்டியர்கள் சொந்தப் பெயர் பொறித்த நாணயம் வெளியிட்டார்கள் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சியாயிற்று. காசின்மேல் அவ்வெழுத்துக்களின் புடைப்பு மயிரிழைதான். கரூரிலே அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்களிடமிருந்து பாத்திரக் கடைக்குப் போய் உருகிப்போனவை எத்தனையோ, வாங்கியவரின் வீட்டில் எலுமிச்சம்பழத்துக்கு இரையானவை எத்தனையோ! அந்தப் பெருவழுதிக் காசு ஒரு நல்ல கையில் வந்து சேர்ந்தது நம் பாக்கியம்.

இனி அந்தப் பச்சைத் துணுக்கு. ஊறவைத்த நான்காம் நாள் அதன் ஒரு முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. செம்பு கலந்த வெள்ளி மண்ணில் கிடந்தால், கலந்திருக்கும் செம்புதான் முதலில் கசிந்து வெளியே வந்து மேலெல்லாம் பச்சையாகப் போர்த்தும். அதனால் வெள்ளிக்காசு செம்புக்காசைப் போல வேஷம் போடும். மருமகன் தராசில் வைத்துப் பார்த்தான். அரைக் கிராமுக்குக் குறைவு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பலகை மட்டும் இருந்து நாணயம் இல்லாதிருந்த வெள்ளிச் சக்கரம்!

ஆசை யாரை விட்டது? அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உதியன்குளங்கரைச் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு பொற்கொல்லரிடம் போனேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர், "சாரே, ஒரு நிமிஷம் தீயில காட்டி அமிலத்துல போட்டா முத்துபோல வெளுத்துரும்" என்றார். கை நீட்டியும் விட்டார். நெருப்பில் காய்ச்சினால் நாணயம் முத்திரை குத்தப்பட்டபோது பெற்ற இறுக்கம் மாறிப்போகும். அமிலம் மேல்தோலிலுள்ள செம்பைத் தின்று, வெள்ளியைக் கடற்பஞ்சு மாதிரி ஓட்டையாக்கிவிடும். அவர் தொழிலில் அது சரி. கொலுசு வெளுக்க வேண்டியதுதான். "இல்ல ஆசாரி, இது அழுக்காவே இருக்கட்டு" என்று சொல்லித் திரும்ப முடிந்துகொண்டபோது, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற முடிவோடு அவர் சிரித்ததைக் கவனித்தேன்.

வீட்டில் என் தகப்பனாரின் மூத்த சகோதரி, தொண்ணூற்றொரு வயது அத்தை, என் திண்ணை வேலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். "சக்கரத்துக்குப் புளி போட்டாத் தெளியும், நீ என்னத்துக்குக் கண்ணக் கெடுக்க?" என்று நாளுக்கு ஒருமுறையாவது கேட்பார். நான் முள்ளால் நெம்பிக்கொண்டே, எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியாமல் தவித்தேன். ஒரு பக்கத்தில் புள்ளிகளும் வளைகோடும் தெரிந்தன. மறுபக்கம் இன்னும் பச்சைக்குள் இருந்தது. நூல்களில் எல்லா விதியும் இருக்கிறது, எந்த நிமிஷத்தில் கையை எடுக்க வேண்டும் என்பதைத் தவிர.

அத்தைதான் ஒருநாள், "அந்தப் பலகைய எடுத்துட்டு வா" என்றார். மச்சிலிருந்து இறக்கி, ஒட்டடையைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் என் கையிலிருந்து சக்கரத்தை வாங்கி, நடுங்கும் விரல்களால் ஒரு குழியின்மேல் வைத்துத் தட்டினார். விளிம்பில் திரண்டிருந்த பச்சை தடுத்ததனால் அது உள்ளே இறங்காமல் சாய்ந்து நின்றது. "இன்னுங் கொஞ்சம்" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் விளிம்பை மட்டும், முகத்தைத் தொடாமல், முள்ளால் சுற்றிவந்தேன். வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், விளக்கு ஏற்றுகிற நேரத்தில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் குழியின்மேல் போட்டு, சந்தைக் கடையில் தன் பாட்டா குலுக்கியதைப் போல மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அரைவாசி பச்சையோடு, அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

"ஒண்ணு" என்றார் அத்தை.